ஆழ்கடலும் அறுவடையும்: 'நிலைபேறான விளைவு' என்னும் கருத்துநிலையின் வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

1

கடலிற் சென்று மீன்பிடிப்பதைச் சங்கச் சான்றோர் 'வேட்டம்' என்றனர். ஈழத்துக் கரையோர மக்கள் அதனைக் 'கடற்றொழில்' என்கின்றனர். முன்னைய சொல் இயற்கையின்மீது மனிதன் நிகழ்த்தும் செயலைச் சுட்டுகின்றது. பின்னையது அச் செயலிற் பொதிந்துள்ள உழைப்பைச் சுட்டுகின்றது. இவ்விரு சொற்களும் வழக்கில் இருக்க, அண்மைக் காலத்து அபிவிருத்தி ஆவணங்களில் மூன்றாவது சொல்லொன்று இடம்பிடித்துள்ளது. அதுவே 'அறுவடை' என்பதாகும். கடல்வள அறுவடை, ஆழ்கடல் அறுவடை, நிலைபேறான அறுவடை என அது பலவாறு வழங்குகின்றது.

அறுவடை என்றதும் உழவும் விதைப்பும் களையெடுப்பும் நம் நினைவுக்கு வருவன. விதைத்தவனே அறுப்பான் என்பது வேளாண் சமூகத்தின் அடிப்படையான நியாயம். ஆனால், ஆயிரம் மீற்றர் ஆழத்திலே, ஒளி புகாத குளிர்நீரில் வாழும் உயிர்களை எவரும் விதைத்ததில்லை. விதையாத ஒன்றை அறுப்பதற்கான உரிமை எவ்வாறு இயல்பானதாகத் தோன்றத் தொடங்கியது? அவ்வுரிமைக்கு 'நிலைபேறானது' என்ற அடைமொழி எப்பொழுது, எவரால், எத் தேவையின்பொருட்டுச் சேர்க்கப்பட்டது? இவ் வினாக்களை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

கடல் பற்றிய கருத்துகள் கடலிலிருந்து மட்டும் பிறப்பன அல்ல. அவை கரையிலுள்ள உற்பத்தி உறவுகளிலிருந்தும் பிறக்கின்றன. இவ்வடிப்படையில் நோக்குமிடத்து, நவீன காலத்தில் மூன்று கருத்துநிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலோங்கியமையை நாம் காணலாம். கடல் வற்றாதது என்பது முதலாவது. கடலின் விளைவை விஞ்ஞானத்தாற் கணித்து உச்ச அளவில் எடுக்கலாம் என்பது இரண்டாவது. கடலைத் தனியுடைமையாக்கினால் அது தானே காக்கப்படும் என்பது மூன்றாவது. இம் மூன்றும் ஒரே இனத்தின் வரலாற்றிற் பரீட்சிக்கப்பட்ட களமாக நியூசிலாந்தின் ஆழ்கடல் அமைகின்றது. ஆதலின் அதனையே நாம் சிறப்பாக எடுத்துக்கொள்கின்றோம்.

2

1609 ஆம் ஆண்டில் ஹியூகோ குரோஷியஸ் 'சுதந்திரக் கடல்' என்ற நூலை வெளியிட்டார். கடல் எவருக்கும் உடைமையாகாது, அதனைப் பயன்படுத்துவதால் அது குறைவதுமில்லை என்பது அவர் வாதம். இவ்வாதம் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் நலனுக்காகப் போர்த்துக்கேயரின் ஏகபோகத்தை எதிர்த்து எழுந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1658 இல் மன்னாரைக் கைப்பற்றிய அதே கம்பனி, அங்குள்ள முத்துக்குளிப்பைத் தனது வருமானத்துக்குரிய ஏகபோகமாக வைத்துக்கொண்டது. பிறருடைய ஏகபோகத்தை உடைக்கும்பொழுது கடல் சுதந்திரமானது. தனக்கு வாய்த்தபின் கடல் கணக்குப் புத்தகத்துக்குரியது. வணிக மூலதனத்தின் இவ்விரட்டை நிலை பின்னரும் பல வடிவங்களில் மீண்டும் தோன்றுவதை நாம் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியாவில் இழுவைமடித் தொழில் பெருகியபொழுது, தூண்டிற் கயிற்றினால் மீன்பிடித்த சிறு தொழிலாளர் அதனை எதிர்த்து முறையிட்டனர். கடலடியை வாரிச் செல்லும் மடி, குஞ்சுகளையும் இனப்பெருக்கத் தளங்களையும் அழிக்கின்றது என்பது அவர்தம் முறைப்பாடு. 1863 முதல் 1866 வரை விசாரணை நடத்திய அரச ஆணைக்குழு அதனை ஏற்கவில்லை; கட்டுப்பாடுகளை நீக்குமாறே விதந்துரைத்தது. அவ்வாணைக்குழுவில் அங்கம் வகித்த தோமஸ் ஹக்ஸ்லி 1883 ஆம் ஆண்டு இலண்டன் மீன்பிடிக் கண்காட்சியில் உரையாற்றுகையில், பெருங்கடல் மீன்வளங்கள் பல வற்றாதவை என்று கூறினார். ஹக்ஸ்லி தலைசிறந்த விஞ்ஞானி என்பதில் ஐயமில்லை. ஆயினும், சுதந்திர வர்த்தகம் அரசியற் சமயமாகவே விளங்கிய ஒரு காலத்தில், மீனவரின் அனுபவ அறிவு அறியாமையாகவும், மூலதனத்தின் விரிவுக்கு இசைந்த ஊகம் விஞ்ஞானமாகவும் கொள்ளப்பட்டன. வரலாறு இறுதியில் எவர் பக்கம் நின்றது என்பதை நாம் அறிவோம்.

3

இரண்டாம் உலகப் போரின் பின் நிலைமை மாறியது. போர்க் காலத்தில் வளர்ந்த எதிரொலிக் கருவிகளும், ஆற்றல் மிக்க இயந்திரங்களும், கப்பலிலேயே குளிரூட்டும் வசதியும் மீன்பிடித் தொழிலின் உற்பத்திச் சக்திகளை அடியோடு மாற்றின. உலகக் கடல்களில் ஐக்கிய அமெரிக்காவின் நிலையும் மாறிற்று. 1945 செப்ரெம்பர் 28 ஆம் நாள் ஜனாதிபதி ட்ரூமன் இரு பிரகடனங்களை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று கண்டமேடையின் வளங்களைப் பற்றியது. மற்றையது கரையை அடுத்த கடலில் மீன்வளப் பாதுகாப்பு வலயங்களை அமைப்பது பற்றியது. அலாஸ்காவின் சமன் மீனை யப்பானிய கப்பல்களிலிருந்து காப்பது இரண்டாவதன் பின்னணியாக இருந்தது. ஆனால் அதே வேளையில், இலத்தீன் அமெரிக்கக் கரைகளுக்கு அப்பால் அமெரிக்க சூரை மீன் கப்பல்கள் தடையின்றித் தொழில்செய்வதும் அந்நாட்டுக்கு வேண்டியிருந்தது. 1952 இல் சிலி, எக்குவடோர், பெரு ஆகிய மூன்று நாடுகளும் சந்தியாகோ பிரகடனத்தின் மூலம் 200 கடல் மைல் எல்லையைக் கோரியபொழுது இம் முரண்பாடு வெளிப்படையாயிற்று.

இம் முரண்பாட்டைத் தீர்க்கும் கருவியாகவே 'உச்ச நிலைபேற்று விளைவு' என்ற கோட்பாடு சர்வதேச அரங்குக்கு வந்தது. இராஜாங்கத் திணைக்களத்தின் மீன்பிடி ஆலோசகராக விளங்கிய வில்பர்ட் சப்மன் 1949 இல் இதனை அமெரிக்காவின் கொள்கையாக வகுத்தார். அவர் 1951 இல் அப் பதவியை விட்டு அமெரிக்கச் சூரைக் கப்பல் உரிமையாளர் சங்கத்தின் ஆய்வுத் துறைக்குச் சென்றமை தற்செயலானதன்று. 1954 இல் மில்னர் ஷேபர் இக் கோட்பாட்டுக்குக் கணித வடிவம் அளித்தார். 1955 இல் உரோமில் நடைபெற்ற ஐக்கிய நாடுகள் மாநாட்டில் அது சர்வதேச நியமமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கோட்பாட்டின் சாரம் எளியது. மீனினம் ஒன்று பிடிக்கப்படாத நிலையில் உச்சத் தொகையில் இருக்கும். பிறப்பும் இறப்பும் அப்பொழுது சமமாகும். ஆதலால் 'உபரி' இல்லை. தொகையைக் குறைத்தால் எஞ்சியவற்றுக்கு உணவும் இடமும் மிகுதியாகும், வளர்ச்சி பெருகும், அப் பெருக்கத்தை ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளலாம். தொகை ஏறத்தாழப் பாதியாகும்பொழுது உபரி உச்சத்தை எட்டும். எனவே, பிடிக்காது விடுவது வீண்விரயம். முதலில் இனத்தைக் குறைத்தாக வேண்டும். ஓர் இனம் உச்ச அளவில் மீன்பிடிக்கு உட்பட்டுள்ளது என நிறுவப்படாத வரையில், பிறர் அதனைப் பிடிப்பதைத் தடுக்கக் கரையோர நாட்டுக்கு நியாயமில்லை என்ற அரசியல் முடிவும் இதிலிருந்து எளிதிற் பிறக்கின்றது. நிரூபிக்க வேண்டிய பொறுப்பு மீனைக் காக்க விரும்புபவர்மீது சுமத்தப்பட்டது, பிடிப்பவர்மீது அன்று.

1977 இல் கனடிய விஞ்ஞானி பீற்றர் லார்க்கின் இக் கோட்பாட்டுக்கு இரங்கலுரை எழுதினார். ஆயினும் 1982 ஆம் ஆண்டுக் கடற்சட்டச் சமவாயம் அதனைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. விஞ்ஞானத்திற் செல்வாக்கிழந்த ஒரு கோட்பாடு சட்டத்தில் நிலைபெற்றமை, அதன் வலிமை விஞ்ஞானத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை என்பதையே காட்டுகின்றது.

4

கடற்சட்டச் சமவாயம் பற்றி ஈண்டுச் சிறிது விரிவாக நோக்குதல் வேண்டும். 1967 இல் மோல்ற்றாவின் பிரதிநிதி ஆர்விட் பார்டோ, தேசிய எல்லைகளுக்கு அப்பாலான கடலடியை மனிதகுலத்தின் பொது முதுசமாகப் பிரகடனம் செய்யுமாறு ஐக்கிய நாடுகள் பொதுச்சபையிற் கோரினார். 1970 டிசம்பரில் பொதுச்சபை அதனை ஏற்றது. புதிதாக விடுதலைபெற்ற நாடுகள் இதில் ஒரு புதிய பொருளாதார ஒழுங்கின் தொடக்கத்தைக் கண்டன. 1973 இல் தொடங்கிய மூன்றாவது கடற்சட்ட மாநாட்டுக்கு இலங்கையைச் சேர்ந்த ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க தலைமை வகித்தார். அவர் 1980 இல் மறைந்ததன் பின் சிங்கப்பூரின் ரொமி கோ அப் பொறுப்பை ஏற்றார். சமவாயம் 1982 டிசம்பரிற் கைச்சாத்துக்கு விடப்பட்டு, 1994 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

மூன்றாம் உலகின் நம்பிக்கையைச் சுமந்த இம் மாநாட்டின் விளைவை நுணுகி நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். 'பொது முதுசம்' என்ற தத்துவம் கடலடிக் கனிப்பொருள்களுக்கு மாத்திரமே உரியதாக்கப்பட்டது. அக் கனிப்பொருள்களின் மேலும் அருகிலும் வாழும் உயிர்கள் அதற்குள் அடங்கவில்லை. கரையோர நாடுகளின் 200 மைல் வலயத்துள் அவை அவ்வந் நாட்டு அரசின் இறைமைக்குட்பட்ட வளங்களாயின. அதற்கு அப்பால், குரோஷியஸ் காலத்துக் கடற்சுதந்திரமே சில நிபந்தனைகளுடன் தொடர்ந்தது. மண்ணிலுள்ள மங்கனீசுக் கட்டி மனிதகுலத்துக்கு உரியது. அதன் அருகே நூறாண்டு வாழும் மீனோ முதலில் வலை வீசியவருக்கு உரியது என்ற விசித்திரமான நிலை இவ்வாறு உருவாயிற்று.

200 மைல் வலயம் ஏகாதிபத்தியக் கப்பல்களிடமிருந்து கரையோர மக்களைக் காக்கும் முற்போக்கான கோரிக்கையாகவே எழுந்தது. அதனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் ஒரு வளம் தேசத்துக்கு உரியதாகிய பின், அத் தேசத்தினுள் அது எவ் வர்க்கத்துக்கு உரியதாகின்றது என்ற வினா எஞ்சி நிற்கின்றது.

5

நியூசிலாந்து தனது 200 மைல் வலயத்தை 1978 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியது. அதன் கிழக்கேயுள்ள சத்தம் கடல்மேட்டின் ஆழ்நீரில் பெருந்திரளான மீனினம் ஒன்று இருப்பதைச் சோவியத்து இழுவைக் கப்பல்கள் 1970களில் வெளிப்படுத்தியிருந்தன. 1889 இல் ஹொப்லொஸ்தெத்தஸ் அத்லாந்திக்கஸ் என விஞ்ஞானிகளாற் பெயரிடப்பட்ட இனம் அது. ஆங்கிலத்தில் அதன் குடும்பத்துக்கு வழங்கிய பெயர் 'சளித்தலை மீன்' என்று பொருள்படும். அப் பெயருடன் அது அமெரிக்காவின் இரவுணவு மேசையை அடைதல் இயலாது. ஆகவே, சந்தைக்கு அது 'ஒறேஞ்ச் றஃபி' ஆயிற்று. ஒரு பொருள் பண்டமாவதற்கு முன் அதன் பெயர் பண்டமாதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஏறத்தாழ 700 முதல் 1,500 மீற்றர் வரையிலான ஆழத்தில் இம் மீன் வாழ்கின்றது. குளிர்காலத்தில் இனப்பெருக்கத்துக்காகக் கடலடி மலைகளின் உச்சிகளிலும் சரிவுகளிலும் அடர்ந்து திரள்கின்றது. இவ்வியல்பே அதற்குக் கேடாயிற்று. எதிரொலிக் கருவியாற் கண்டறியப்பட்ட திரளின்மீது பாரமான உருளைகள் பூட்டிய மடியைச் செலுத்தினால், சில நிமிட இழுவையில் பல பத்துத் தொன் மீனை அள்ளலாம். 1979 அளவில் தொடங்கிய வணிக மீன்பிடி பத்தாண்டுகளுக்குள் ஆண்டுக்கு 50,000 தொன்னைக் கடந்தது. தோல் நீக்கி உறையவைத்த தசை பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாயிற்று.

எவ்வளவு பிடிக்கலாம் என்ற கணிப்பு, மேலே கூறிய உச்ச விளைவுக் கோட்பாட்டின் வழியே செய்யப்பட்டது. கன்னித் திரளை முதலிற் குறைத்து, பின்னர் நிலைபேற்று அளவுக்கு இறங்கலாம் என எதிர்பார்க்கப்பட்டது. இக் கணிப்புக்கு வேண்டிய அடிப்படைச் செய்தி மீனின் ஆயுள். தொடக்கத்தில் அது ஏனைய வணிக மீன்களைப் போன்று ஓரளவு விரைந்து வளர்வதாகக் கொள்ளப்பட்டது. 1991 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர், மீனின் செவிக்கல்லிலுள்ள கதிரியக்க ஈயத்தையும் ரேடியத்தையும் அளந்து, அது நூறாண்டுக்கு மேலும் வாழக்கூடியது எனக் காட்டினர். பின்வந்த ஆய்வுகள் சில மீன்களின் வயதை 200 ஆண்டுகளுக்கும் மேலாக மதிப்பிட்டுள்ளன. இனப்பெருக்கப் பருவத்தை எய்துவதற்கே அதற்குச் சில பத்தாண்டுகள் வேண்டும். 1840 இல் வைத்தாங்கி ஒப்பந்தம் கைச்சாத்தாகுமுன் பிறந்த மீன்களும் 1980களின் வலைகளில் அகப்பட்டிருத்தல் கூடும் என்பது இதன் பொருளாகும்.

இத்தகைய இனத்திலிருந்து ஆண்டுதோறும் எடுக்கக்கூடிய அளவு, பிடிக்கப்படாத தொகையின் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு மட்டுமே எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. உண்மை தெரிந்தபொழுது காலம் கடந்துவிட்டது. நியூசிலாந்தின் மேற்கேயுள்ள சலெஞ்சர் மேட்டின் மீன்பிடி 1980களின் தொடக்கத்தில் ஆரம்பமாயிற்று. 2000 ஆம் ஆண்டில் அது மூடப்பட்டபொழுது, எஞ்சியிருந்த தொகை ஆதித் தொகையின் நூற்றுக்கு மூன்று அளவே என மதிப்பிடப்பட்டது. தஸ்மேனியாவுக்கு அப்பால் சென் ஹெலன்ஸ் மலையில் 1989 இற் கண்டுபிடிக்கப்பட்ட திரளும் சில ஆண்டுகளிற் குன்றியது. 2006 இல் அவுஸ்திரேலிய அரசு இம் மீனைப் பாதுகாப்பு நடவடிக்கைகளில் தங்கியுள்ள இனமாகப் பட்டியலிட்டது. 1990 இல் விடுதலையடைந்த நமீபியாவில் அப் பத்தாண்டின் நடுப்பகுதியில் தொடங்கிய இதே மீன்பிடி, சில ஆண்டுகளுக்குள்ளேயே சரிவுற்றது.

அழிந்தவை மீன்கள் மட்டுமல்ல. கடலடி மலைகளின்மீது பல நூற்றாண்டுகளாக வளர்ந்த பவளங்கள் மடியின் உருளைகளால் நொறுக்கப்பட்டன. தஸ்மேனியாவின் தெற்கேயுள்ள மலைகளில் நிகழ்த்தப்பட்ட ஆய்வு, கடுமையான மீன்பிடிக்கு உட்பட்ட உச்சிகளிற் பவளப் போர்வை பெரும்பாலும் நீங்கி, வெறும் பாறையே எஞ்சியதைக் காட்டிற்று. அதன்பின் 1999 இல் அங்கு ஒரு பகுதி கடற் காப்பகமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. மீனின் தொகையைக் கணிக்கும் சமன்பாட்டில் இப் பவளத்துக்கு இடமே இருக்கவில்லை. விலையற்றது கணக்கிலும் இல்லாதது ஆயிற்று.

6

தவறு முழுவதும் அறிவுக் குறைபாட்டினால் நேர்ந்தது எனச் சிலர் கூறுவர். மீனின் ஆயுள் முன்னரே தெரிந்திருந்தால் இவ்வழிவு நேர்ந்திராது என்பது அவர் கருத்து. இவ் விளக்கம் போதுமானதன்று. ஏனெனில் இதே காலத்தில், மூன்றாவது கருத்துநிலை நியூசிலாந்திலேதான் மிகத் தூய வடிவிற் செயற்படுத்தப்பட்டது.

1954 இல் ஸ்கொற் கோர்டனும் 1968 இல் கரெற் ஹார்டினும் முன்வைத்த வாதம் நன்கறியப்பட்டது. பொதுவாக உள்ள வளத்தை ஒவ்வொருவரும் தத்தம் நலன் கருதிச் சுரண்டுவர். ஆதலால் அது அழியும். உடைமை உரிமை வகுத்தால் உடைமையாளர் அதனைப் பேணுவர் என்பதே அது. 1984 இற் பதவியேற்ற நியூசிலாந்துத் தொழிற்கட்சி அரசாங்கம், அரச சொத்துகளைச் சந்தைக்குத் திறந்துவிட்ட தனது பொருளாதாரக் கொள்கையின் ஓர் அங்கமாக, 1986 ஒக்ரோபரில் கைமாற்றத்தக்க மீன்பிடிப் பங்குரிமை முறையை நடைமுறைப்படுத்தியது. ஆழ்கடலைப் பொறுத்தவரை 1983 இலேயே சில பெருங் கம்பனிகளுக்குப் பங்குகள் ஒதுக்கப்பட்டிருந்தன. எனவே ஒறேஞ்ச் றஃபி அழிந்தது பொதுவுடைமையின் கீழன்று. ஹார்டின் பரிந்துரைத்த மருந்தை உட்கொண்ட பின்னரே அது அழிவை நோக்கிச் சென்றது.

இது ஏன் நிகழ்ந்தது என்பதை 1973 இலேயே கனடியக் கணிதவியலாளர் கொலின் கிளார்க் விளக்கியிருந்தார். திமிங்கிலங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவர் நிறுவியது இதுவே: ஓர் இனத்தின் வளர்ச்சி வீதம் வட்டி வீதத்தினும் குறைவாயின், அதன் ஏக உடைமையாளருக்குக்கூட அதனை முற்றாக விற்றுப் பணமாக்குவதே இலாபமாகலாம். உதாரணமாக, 100,000 தொன் மீன் உள்ளதெனக் கொள்வோம். ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் எடுத்தால் 2,000 தொன் கிடைக்கும். முழுவதையும் பிடித்து விற்று, வரும் பணத்தை நூற்றுக்குப் பத்து வட்டிக்கு இட்டால், ஆண்டுதோறும் 10,000 தொன்னின் பெறுமதி கிடைக்கும். 1980களின் நியூசிலாந்தில் வட்டி வீதம் பத்துக்கும் மேலாகவே இருந்தது. இக் கணக்கின்படி மீனைக் காப்பவன் நட்டமடைகின்றான்.

இதனை மார்க்சிய அரசியற் பொருளாதாரத்தின் மொழியிற் கூறுவதாயின், இயற்கையின் மீளுற்பத்திக் காலமும் மூலதனத்தின் சுழற்சிக் காலமும் தம்முள் முரண்படுகின்றன எனலாம். 'மூலதனம்' இரண்டாம் தொகுதியில் மார்க்ஸ் காடு வளர்ப்பைப் பற்றிக் கூறுமிடத்து இதே சிக்கலைத் தொட்டுக் காட்டுகின்றார். மரம் முதிர்வதற்கு வேண்டிய நீண்ட காலம் முதலாளித்துவ உற்பத்திக்கு ஒவ்வாதது என்பது அவர் அவதானிப்பு. காட்டுக்கு உண்மையாயின், மரத்தினும் மெல்ல வளரும் ஆழ்கடல் மீனுக்கு அது பன்மடங்கு உண்மையாகும். உடைமையாளரின் பேராசை இங்கு முதன்மையான காரணியன்று. மிக நேர்மையான கம்பனியும் வட்டி வீதத்துக்குக் கட்டுப்பட்டே இயங்குதல் வேண்டும்.

பங்குரிமைகள் தொடக்கத்தில் நிலையான தொன் அளவாகவும் நிரந்தரச் சொத்தாகவும் வழங்கப்பட்டன. ஆதலால், மீனைக் காப்பதற்காகப் பிடியளவைக் குறைக்க வேண்டி வந்தபொழுது, அரசு அவ்வுரிமையைப் பணங்கொடுத்து மீளப் பெறவேண்டிய நிலை தோன்றிற்று. ஒறேஞ்ச் றஃபியின் வீழ்ச்சியால் இச் செலவு தாங்கமுடியாததாகும் என்பது தெளிவான பின், 1990 இல் உரிமைகள் மொத்தப் பிடியின் விகிதாசாரப் பங்காக மாற்றப்பட்டன. கம்பனிகளுக்கு அதற்கும் ஈடு வழங்கப்பட்டது. மனிதர் எவரும் படைக்காத ஒன்றை முதலில் இலவசமாகக் கொடுத்து, பின்னர் அதனை அழியாமற் காக்கும்பொருட்டு ஈடு செலுத்துவதே தனியுடைமைவழிப் பாதுகாப்பின் நடைமுறைப் பொருளாயிற்று.

7

பங்குரிமை முறை எவரை உள்ளடக்கியது என்பதுபோல் எவரை ஒதுக்கியது என்பதும் நோக்கற்பாலது. 1980களின் தொடக்கத்தில் பகுதிநேர மீனவர் வணிக மீன்பிடி அனுமதியை இழந்தனர். பருவத்துக்குப் பருவம் தொழில் மாற்றி வாழ்ந்த மயோரி மக்கள் பலர் இவ்வாறு தம் கடலிலேயே அந்நியராயினர். ஆனால் வைத்தாங்கி ஒப்பந்தத்தின் ஆங்கில வாசகம் அவர்தம் மீன்பிடித் தளங்களின்மீதான உடைமையை வெளிப்படையாகவே உறுதிசெய்திருந்தது. தன்னுடையதல்லாத ஒன்றை அரசு எவ்வாறு கம்பனிகளுக்குப் பங்கிடலாம் என அவர்கள் வினவினர். 1987 இல் உயர் நீதிமன்றம் மேலும் பங்குரிமை வழங்குவதை இடைநிறுத்தியது. 1988 இல் வைத்தாங்கி நியாயசபை முரிவெனுவா அறிக்கையில் அவர்தம் உரிமைக் கோரிக்கைக்கு ஆதரவாகத் தீர்மானித்தது.

1992 இல் எட்டப்பட்ட தீர்வின்படி, சீலோர்ட் என்னும் பெரும் மீன்பிடிக் கம்பனியின் அரைப்பங்கை மயோரி மக்கள் சார்பில் வாங்குவதற்கு அரசு 150 மில்லியன் டொலர் வழங்கியது. இது அவர்தம் போராட்டத்தின் வெற்றியே. எனினும், பொது உரிமைக்காக எழுந்த கோரிக்கை, நிறுவனப் பங்குரிமை என்ற வடிவிலேயே நிறைவேற்றப்பட்டது என்பதையும் நாம் குறிப்பிடல் வேண்டும். கடலுடன் பரம்பரை உறவு கொண்ட ஒரு சமூகத்துக்கு அவ்வுறவு பங்குச் சான்றிதழாகத் திருப்பி அளிக்கப்பட்டது. முதலாளித்துவம் தனக்கெதிரான கோரிக்கைகளையும் தனது மொழியிற் பெயர்த்தே ஏற்றுக்கொள்கின்றது.

8

இங்கு முற்போக்காளராகிய நாம் ஓர் இடரான வினாவைத் தவிர்க்கலாகாது. ஆழ்கடல் மலைகளின் மீன்களை முதன்முதலிற் பெருமளவிற் பிடித்தவை முதலாளித்துவ நாட்டுக் கப்பல்கள் மட்டுமல்ல. வட பசிபிக்கில் எம்பரர் கடலடி மலைகளின் மீன்திரளை 1967 இற் கண்டுபிடித்தவை சோவியத்துக் கப்பல்கள். யப்பானியக் கப்பல்களும் அவற்றுடன் சேர்ந்துகொள்ள, பத்தாண்டு அளவில் அத் திரள் வீழ்ச்சியுற்றது. தென் சமுத்திரத்திலும் பிற கடல்களிலும் சோவியத்துத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் தம் பிடியின் பெரும்பகுதியை மறைத்துப் பொய்க் கணக்குகளைச் சர்வதேச ஆணைக்குழுவுக்கு அளித்தமையை, 1990களின் முற்பகுதியில் உருசிய விஞ்ஞானிகளே வெளியிட்டனர்.

அங்கு வட்டி வீதமும் பங்குச் சந்தையும் இருக்கவில்லை. அவற்றுக்குப் பதிலாகத் திட்ட இலக்கு இருந்தது. ஆண்டுக்காண்டு தொன் அளவிற் கணிக்கப்பட்ட இலக்கை எட்டுவதே கப்பல்களின் கடமையாயிற்று. கடலில் உழைத்தவரோ, கப்பலிற் சென்ற விஞ்ஞானிகளோ அவ்விலக்கைக் கேள்விக்குள்ளாக்கும் நிலையில் இருக்கவில்லை. உற்பத்திச் சாதனங்களின் சட்டபூர்வமான உடைமை மாறுவது மட்டும் போதாது என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம். உழைப்பவர் உற்பத்தியின் நோக்கத்தையும் வேகத்தையும் தீர்மானிக்கும் உரிமை இல்லாத இடத்து, இயற்கை எண்ணாகவே எஞ்சும். எந்தவொரு சமுதாயமும் நிலத்தின் உடைமையாளன் அன்று, அதனை மேம்படுத்தி அடுத்த தலைமுறைக்குக் கையளிக்க வேண்டிய பயனாளியே என்ற கருத்து 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் உள்ளது. அதனைத் தம் பெயரால் ஆட்சி நடத்தியோரே கடலில் மறந்தனர்.

9

அண்மைக் கால நிகழ்ச்சிகளையும் சுருக்கமாக நோக்குவோம். 2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, ஆழ்கடலின் நலிவுறத்தக்க சூழலமைவுகளை அடிமடித் தொழிலிலிருந்து காக்குமாறு நாடுகளைக் கோரிற்று. 2016 இல் ஐரோப்பிய ஒன்றியம் தனது வட கிழக்கு அத்திலாந்திக்கு நீர்ப்பரப்பில் 800 மீற்றருக்குக் கீழ் இழுவைமடியைத் தடைசெய்தது. அதே 2016 இல் நியூசிலாந்தின் மூன்று ஒறேஞ்ச் றஃபித் திரள்களுக்கு 'நிலைபேறானது' என்ற சான்றிதழைக் கடல்சார் பரிபாலன சபை வழங்கியது. இச் சபை 1997 இல் ஒரு சூழல் அமைப்பும் யூனிலீவர் என்ற பல்தேசியக் கம்பனியும் சேர்ந்து நிறுவியது. பிடியளவு வெகுவாகக் குறைக்கப்பட்டதால் சில திரள்கள் ஓரளவு மீண்டன என்பது சான்றிதழின் நியாயம். குறைத்ததனாற் பயன் விளைந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், தொகை முதலிற் பெருமளவு அழிக்கப்பட்டு, அழிவின்பின் எஞ்சியதை அடித்தளமாகக் கொண்டு வழங்கப்படும் 'நிலைபேறு' எத்தகையது என்பதையும், நொறுங்கிய பவளம் எச் சான்றிதழில் இடம்பெறும் என்பதையும் கேட்பது நமது கடமை.

மாறுபட்ட ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 2018 இற் கைச்சாத்திடப்பட்டு 2021 இல் நடைமுறைக்கு வந்த மத்திய ஆர்க்டிக் சமுத்திர ஒப்பந்தம், போதிய அறிவு கிடைக்குமுன் வணிக மீன்பிடியைத் தொடங்குவதில்லை என வகுத்துள்ளது. அறிவு முன்னும் வலை பின்னும் என்ற இவ்வொழுங்கு, நிரூபிக்கும் பொறுப்பைப் பிடிப்பவர்மீது மாற்றுகின்றது. இது அங்கு எளிதிற் சாத்தியமானமைக்கு ஒரு காரணம், அக் கடலில் இன்னும் மூலதனம் முதலிடப்படாமையே. முதலிடப்பட்ட கப்பல் ஒவ்வொன்றும் தொடர்ந்து பிடிக்குமாறு வற்புறுத்தும் ஒரு வாக்காகும்.

2023 ஜூனில் ஏற்றுக்கொள்ளப்பட்ட, தேசிய எல்லைகளுக்கு அப்பாலான கடல் உயிர்ப்பல்வகைமை பற்றிய உடன்படிக்கை, 2025 செப்ரெம்பரில் வேண்டிய 60 நாடுகளின் உறுதிப்பாட்டைப் பெற்றது. பார்டோவும் அமரசிங்கவும் உழைத்த காலத்தில் விடுபட்ட இடைவெளியின் ஒரு பகுதியை அது நிரப்புகின்றது. ஆழ்கடல் உயிர்களின் மரபணு வளங்களிலிருந்து பெறப்படும் நன்மைகளைப் பகிர்தல் அதில் இடம்பெறுகின்றது. எனினும், அப் பகிர்வு விதிகள் மீன்பிடிக்குப் பொருந்தா. பொது முதுசத்தின் வாசல் மீனுக்கு இன்னமும் முழுதாகத் திறக்கவில்லை.

இவ் வரலாறு நமது கரைக்கும் அந்நியமானதன்று. பாக்கு நீரிணையில் இந்திய இழுவைப் படகுகளுக்கும் வட இலங்கையின் சிறு மீனவருக்கும் இடையிலான மோதல், ஆழத்தில் வேறாயினும் சாரத்தில் ஒன்றே. 1863 இல் பிரித்தானியச் சிறு மீனவர் கூறிய முறைப்பாட்டையே நமது மக்களும் கூறினர். அடிமடி இழுவை 2017 இல் இலங்கையிற் சட்டத்தாற் தடைசெய்யப்பட்டது. இதனை இரு கரைத் தமிழர் பிணக்காகவோ இரு தேசங்களின் பிணக்காகவோ மட்டும் காண்போர், படகின் உரிமையாளரையும் படகிற் கூலிக்குச் செல்வோரையும் வேறுபடுத்திக் காணத் தவறுகின்றனர்.

10

கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். வற்றாத கடல் என்ற நம்பிக்கை வணிக, கைத்தொழில் மூலதனத்தின் விரிவுக்கு உதவியது. உச்ச விளைவு என்ற கணிதம் போருக்குப் பிந்திய அமெரிக்க மேலாண்மைக்கு இசைந்தது. தனியுடைமைப் பங்குரிமை, 1980களின் சந்தைவாதத்தோடு வந்தது. மூன்றும் தத்தம் காலத்தில் விஞ்ஞானத்தின் பெயரிற் பேசின. மூன்றினுள்ளும் மீனின் காலம் மூலதனத்தின் காலத்துக்குக் கீழ்ப்படுத்தப்பட்டது.

நிலைபேறு என்ற சொல்லை நாம் கைவிட வேண்டியதில்லை. அதனைக் கம்பனி அறிக்கைகளிலிருந்து மீட்டு, மூன்று கேள்விகளால் ஒவ்வொரு முறையும் சோதித்தல் வேண்டும். எதன் நிலைபேறு? இலாபத்தினதா, இனத்தினதா? எக் கால அளவில்? நிதியாண்டிலா, நூறாண்டு வாழும் உயிரின் தலைமுறையிலா? எவரது தீர்மானத்தால்? பங்குதாரரதா, கடலில் உழைப்பவரதும் கடலை உணவாகக் கொள்ளும் மக்களதுமா? இவற்றுக்கு விடையளிக்க இயலாத அறுவடை, எப் பெயர் பூண்டாலும், விதைக்காதவர் அறுக்கும் அறுவடையே. ஆயிரம் மீற்றர் ஆழத்தில் நிகழ்வதை நாம் கண்ணாற் காண்பதில்லை. ஆயினும் அங்கு வலையை இறக்கும் உறவுகள் நமது கண்முன்னே கரையில் உள்ளன. அவற்றை மாற்றும் பணி கரையிலேயே தொடங்குதல் வேண்டும்.